ஆட்டத்திற்கும் வெள்ளோட்டம் வேண்டும்

(அறநெறிப் பாடசாலை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பாடம்)

புதிதாகத் தேர் ஒன்று செய்து முடித்தால், பகவானை அதில் எழுந்தருளச் செய்வதற்கு முன் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். சக்கரம் எங்கே உரசுகிறது, தேர் எந்தப் பக்கம் சாய்கிறது, திருப்பத்தில் முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்பன அன்று தெரிந்துவிடும். குறை கண்டு சொன்னவர் தச்சரை இகழ்ந்தவராகார். தச்சரும் அதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. திருவிழாவன்று தேர் பழுதின்றி நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதே இருவர்க்கும் நோக்கம்.

நம் குழந்தைகளுக்காக நாம் உருவாக்கும் விளையாட்டுகளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் தேவை. தசலட்சண பருவத்திலும் கோடை விடுமுறையிலும் அறநெறி வகுப்பு நடத்தும் இளைஞர்கள் கட்டப் பலகை, வினா அட்டை, சீட்டுக்கட்டு என்று பலவற்றை ஆர்வத்தோடு செய்கின்றனர். அவற்றுட் சில ஒருநாள் ஆடப்பெற்று, பின்னர் அலமாரியில் உறங்குவதும் உண்டு. செய்தவரின் உழைப்பில் குறைவில்லை; அச்சிடுமுன் பிறர் ஆடிப் பார்க்கவில்லை. அல்லது ஆடிப் பார்த்தவர்கள் "மிக நன்று" என்று சொல்லிவிட்டு எழுந்து போயினர். அந்த ஒரு சொல்லின் விலையைப் பின்னர்க் குழந்தைகள் கொடுக்க நேர்கிறது. ஆகவே ஆடிப் பார்ப்பது எவ்வாறு, கண்டதை ஆக்கியோன் மனம் வாடாமலும் உண்மை குன்றாமலும் எடுத்துரைப்பது எவ்வாறு என்னும் இரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

1. முன்னோர் ஆட்டங்கள் தேறிய விதம்

மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலை அடுத்துள்ள ஊர் எழுமலை. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களின் திண்ணைகளுக்கு ஆடுபுலி ஆட்டம் புதிதன்று. கரிக்கோடோ சுண்ணக்கோடோ கிழித்து, கூழாங்கற்களையும் புளியங்கொட்டைகளையும் காய்களாக வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். கட்டத்தில் 23 சந்திகள். புலிகள் 3, ஆடுகள் 15. ஆட்டுக்காரர் தம் காய்களை ஒவ்வொன்றாக வைத்துப் புலிகளை அசையவிடாமல் அடைக்க வேண்டும். புலிக்காரர் ஆட்டைத் தாண்டி அதனை எடுக்க வேண்டும்.

இருவர் படையும் சமமல்ல. ஆயினும் ஆட்டம் சமமாகவே நிற்கிறது. ஆடுகள் குறைந்தால் புலி எளிதில் தப்பும்; மிகுந்தால் புலிக்கு அசைய இடமிராது. நேபாளத்தில் இதற்கு உறவான ஆட்டத்தில் 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். கட்டம் மாறினால் கணக்கும் மாறுகிறது. இத்தகைய எண்ணிக்கை ஒரே அமர்வில் ஒருவர் எண்ணத்தில் உதித்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. எண்ணற்ற கைகள் ஆடி, "இது ஒருபக்கம் சாய்கிறது" என்று கண்டு திருத்திய பயன் அது. முன்னோர் தலைமுறைகளால் செய்ததை, புதிய ஆட்டம் செய்வோர் சில வாரங்களில் திட்டமிட்டுச் செய்ய வேண்டியுள்ளது. அதுவே வேறுபாடு.

2. ஞானப் பலகையும் அதன் குறையும்

பாம்பும் ஏணியும் வரைந்த பலகையை அறியாதார் இலர். தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்பெறும் பரமபத சோபானமும் இவ்வினத்ததே. வடநாட்டில், குறிப்பாகக் குஜராத்திலும் ராஜஸ்தானிலும், சமணர்களிடையே ஞான பாஜி என்னும் பெயரில் 84 கட்டங்கள் கொண்ட பலகை வழங்கிற்று. கீழே நரகங்களும், நடுவே மனித வாழ்வின் குணங்களும் குற்றங்களும், மேலே தேவருலகங்களும், அவற்றிற்கும் மேலாகச் சித்தர் உறையும் உச்சியும் அதில் அமைந்திருந்தன. பர்யூஷண நாட்களில் குடும்பத்தோடு அமர்ந்து அதனை ஆடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது. நாளடைவில் அறச்சொற்கள் உதிர்ந்து, எண்களும் படங்களும் மட்டும் எஞ்சின.

இப்பலகையை மீண்டும் அறச்சொற்களோடு வரைய நம் இளைஞர் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நன்று. ஆனால் ஆடிப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று உள.

முதலாவது, ஆட்டத்தின் நீளம். அமெரிக்காவில் விற்கப்படும் 100 கட்டப் பலகை ஒன்றைக் கணக்கிட்டவர்கள், ஒருவர் தனியே ஆடி முடிக்கச் சராசரியாக ஏறத்தாழ 39 முறை எறிய வேண்டும் என்று 1993இல் காட்டினர். இது சராசரியே, இதைவிட மிக நீண்டு செல்லும் ஆட்டங்களும் உண்டு. ஏழு வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் அமருமா என்பதைப் பலகை வரைந்தவரின் மேசையில் அறிய இயலாது. குழந்தையின் அருகில்தான் அறிய இயலும்.

இரண்டாவது, எழுதிய சொற்கள் படிக்கப்படுகின்றனவா என்பது. ஆறு முகப் பகடையால் ஆடும் நீண்ட பலகையில், ஒரு குறிப்பிட்ட கட்டத்தைக் கடக்கும் காய் அதில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் இரண்டே. நாம் அரும்பாடுபட்டு எழுதிய நெறிகளுட் பெரும்பாலானவற்றைக் குழந்தை தாண்டியே செல்கிறது. நின்ற கட்டத்தையும் படிக்காமல் அடுத்தவரின் பகடையையே பார்க்கிறதாயின், பலகையிற் சொல் இருந்தும் பயனில்லை.

மூன்றாவதே தலையாயது. இவ்வாட்டத்தில் ஆடுபவர் முடிவெடுக்கும் இடம் ஒன்றேனும் இல்லை. ஏறுவதும் இறங்குவதும் பகடையின் செயல். வினை என்பது அவரவர் எண்ணம், சொல், செயல்களால் கட்டுண்பது. முயற்சியால் தடுக்கவும் உதிர்க்கவும் படுவது என்பது நம் கொள்கை. செறிப்பும் உதிர்ப்பும் தற்செயலால் நேர்வன அல்ல. ஆனால் பலகையோ, "நல்ல எண் விழுந்தால் வீடு, விழாவிட்டால் நரகம்" என்று குழந்தைக்குச் சொல்லாமல் சொல்கிறது. ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசிய பாடத்தைப் பகடை ஒரு நொடியில் மறுத்துவிடும்.

3. ஓர் எடுத்துக்காட்டு: பதினான்கு படிகள்

பாடசாலை மாணவன் ஒருவன் குணஸ்தானங்கள் பதினான்கையும் பதினான்கு படிகளாக வரைந்து, பகடையிட்டு ஏறும் ஆட்டம் ஒன்று செய்தான் என்று கொள்வோம். படம் அழகாக உள்ளது, விதிகளும் எளியவை. நாம் என்ன சொல்ல வேண்டும்?

ஆடத் தொடங்கியதும், முதற்படியாகிய மித்தியாத்துவத்தில் நின்ற காய் ஒன்று விழுந்தவுடன் இரண்டாம் படிக்கு ஏறுகிறது. ஆடிய குழந்தை மகிழ்கிறது. ஆனால் இரண்டாவதாகிய சாசாதனம் ஏறும் வழியிற் கிட்டும் நிலையன்று. நற்காட்சி பெற்ற உயிர் அதனின்று வழுவி, மித்தியாத்துவத்தை அடையுமுன் இடையில் நிற்கும் சிறு பொழுதே அது. கீழே வருவோர் மட்டும் கால் வைக்கும் படியை, மேலே செல்வோர் மகிழும் படியாகப் பலகை காட்டுகிறது.

மேலே செல்வோம். பதினோராம் படியாகிய உபசாந்த மோகத்தை அடைந்தவர் அங்கிருந்து நேரே மேலேற இயலாது. அடக்கப்பட்ட மோகம் மீண்டும் எழ, இறங்கியே ஆக வேண்டும். மோகத்தை அடக்காமல் அடியோடு கெடுத்துச் செல்வோர் பத்தாம் படியிலிருந்து பதினொன்றைத் தொடாமலே பன்னிரண்டாவதாகிய க்ஷீண மோகத்தை அடைவர். அவர்க்கு வீழ்ச்சி இல்லை. ஆகவே பதினோராம் படியில் பாம்பு இருந்தே தீர வேண்டும். பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் இருக்கலாகாது. மாணவன் ஆட்டத்தின் விறுவிறுப்பைக் கருதிப் பதின்மூன்றில் பெரும் பாம்பு ஒன்றை வரைந்திருந்தால், கேவலியே வீழ்வதாகக் குழந்தைகள் கற்றுச் செல்வர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க. இப்பிழைகளைக் காணப் பெரும்புலமை தேவையில்லை. பாடத்தையும் பலகையையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் அசைவின்போதும் "இப்போது குழந்தை எதைக் கற்றது?" என்று வினவினால் போதும். மேலும், இப்பிழைகளே புதிய ஆட்டத்திற்கு வித்தாகின்றன. எட்டாம் படியில், "அடக்கிச் செல்வாயா, கெடுத்துச் செல்வாயா?" என்று குழந்தையையே தேர்ந்தெடுக்க விடலாம். முன்னது விரைவான வழி. ஆனால் திரும்ப வேண்டும். பின்னது பொறுமை வேண்டும் வழி, ஆனால் வீழ்ச்சியில்லை. பகடை இருந்த இடத்தில் முயற்சி வந்து அமர்கிறது. ஆயினும் இத்திருத்தம் மாணவன் கண்டறிய வேண்டியது. நாம் அவன் கையிலிருந்து எழுதுகோலைப் பறித்து வரைய வேண்டியதன்று.

4. வெள்ளோட்டம் நடத்தும் முறை

(அ) பலகையை வண்ணம் தீட்டுமுன் ஆடுக. பழைய தாளில் பென்சிலால் வரைந்த கட்டமும் புளியங்கொட்டைக் காயும் போதும். பணமும் உழைப்பும் மிகுதியாகச் செலவான பின் குறையைக் கேட்க யார்க்கும் மனம் வருவதில்லை, சொல்லவும் வருவதில்லை.

(ஆ) மூன்று வட்டங்களில் ஆடுக. முதலில் ஆக்கியோன் தானே எல்லாக் காய்களையும் நகர்த்திப் பார்த்தல், அடுத்து வீட்டார், இறுதியாக, அவனை அறியாத குழந்தைகள். வீட்டார் அன்பினால் பல குறைகளைக் கடந்துவிடுவர். அறியாத குழந்தை சலித்தால் எழுந்து போய்விடும். எழுந்து போனதும் ஒரு கருத்துரையே.

(இ) விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆக்கியோன் வாய் திறவாதிருக்க வேண்டும். "அப்படியில்லை, இப்படி" என்று அவன் விளக்கினால், சோதிக்கப்படுவது ஆட்டமன்று, அவன் விளக்கமே. ஆட்டம் பிற ஊர்ப் பாடசாலைக்குச் செல்லும்போது அவன் உடன் செல்லப் போவதில்லை.

(ஈ) ஒருவர் ஆடாமல் குறிப்பெடுக்க வேண்டும். எந்த விதியில் ஐயம் எழுந்தது, எவ்விடத்தில் சிரித்தனர், எப்போது கொட்டாவி வந்தது, எத்தனை நிமிடத்தில் முடிந்தது, தோற்ற குழந்தை மறுமுறை ஆட விரும்பியதா என்பவற்றை எழுதுக. கருத்து பின்னர் வரட்டும். முதலில் கண்டது வேண்டும்.

(உ) ஆட்டம் முடிந்ததும் இளையவரே முதலில் பேசுக. நம் குடும்பங்களில் பெரியவர் ஒன்று சொன்னபின் சிறியவர் மாற்றிப் பேசுவதில்லை. தாத்தா "நன்றாக உள்ளது" என்று தொடங்கிவிட்டால் பேரன் தனக்குப் புரியவில்லை என்று சொல்லப் போவதில்லை.

5. எடுத்துரைக்கும் முறை: வாய்மையின் ஐந்து துணைகள்

வாய்மை நோன்பு உறுதிபெற ஐந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. சினம், பேராசை, அச்சம், நகையாட்டு ஆகிய நான்கையும் விடுதல், ஆராய்ந்து பேசுதல். நோன்பிற்குச் சொன்ன இவ்வைந்தும் கருத்துரைப்போர்க்கும் அப்படியே பொருந்துகின்றன.

சினத்தை விடுதல்: தோற்றவர் ஆட்டத்தைப் பழிப்பது இயல்பு. "இது ஆட்டமே அன்று" என்னும் சொல் பெரும்பாலும் தோல்வியின் குரலாகும். ஆறிய பின், தோற்றது எந்த அசைவினால் என்று சொன்னால் அது பயன்படும்.

பேராசையை விடுதல்: இங்கே பேராசை பொருள்மேல் எழுவதன்று, நம் கருத்து பலகையில் இடம்பெற வேண்டும் என்பதன்மேல் எழுவது. "நானாக இருந்தால் சீட்டுக்கட்டாகச் செய்திருப்பேன்" என்பவர் மற்றோர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். முன்னிருக்கும் ஆட்டம் எதை அடைய முயல்கிறது என்று கேட்டறிந்து, அதற்கு இது உதவுகிறதா என்றே பேசுக.

அச்சத்தை விடுதல்: "பாவம், சிறுவன் இரவெல்லாம் விழித்துச் செய்தது" என்று எண்ணிக் குறையை மறைப்பது கருணை போலத் தோன்றும். மறைத்த குறை அச்சேறி நூறு குழந்தைகளிடம் சென்றால், அன்று அவன் அடையும் வாட்டம் பெரிதாகும். அச்சத்தினால் விளையும் பொய்யும் பொய்யே.

நகையாட்டை விடுதல்: கேலி, கேட்போரைச் சிரிக்க வைக்கும், ஆக்கியோனை வாயடைக்கச் செய்யும். ஒருமுறை கேலிக்கு ஆளான இளைஞன் மறுமுறை எதையும் கொண்டு வரான். நம் எண்ணிக்கையோ சிறிது. அறப்பணிக்கு முன்வரும் ஓர் இளைஞனை இழப்பது ஒரு பலகையை இழப்பதினும் பெரிய இழப்பு.

ஆராய்ந்து பேசுதல்: கண்டது, அதன் காரணமாக நாம் கருதுவது, தீர்வு ஆகிய மூன்றையும் பிரித்துச் சொல்லுக. "விதி சரியில்லை" என்பது தீர்ப்பு. "ஐந்தாம் விதியைப் படித்தபின் மூவரில் இருவர், காயை முன்னே நகர்த்துவதா பின்னே நகர்த்துவதா என்று கேட்டனர், வாக்கியம் நீண்டிருப்பது காரணமாகலாம்" என்பது கருத்துரை. தீர்வை ஆக்கியோன் கேட்டால் மட்டும் சொல்லுக. நன்றாக அமைந்ததையும் இவ்வாறே குறிப்பாகச் சொல்ல வேண்டும். "எட்டாம் படியில் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முன்னே குனிந்து பார்த்தனர்" என்றால், எதை மாற்றலாகாது என்பது அவனுக்குத் தெரியும்.

6. அநேகாந்த நோக்கு

யானையைத் தடவிய பார்வையற்றோர் கதை நாம் அறிந்ததே. ஆட்டத்தை ஆடிப் பார்ப்பவர்களும் அவ்வாறே. பாட்டி எழுத்தின் அளவைக் காண்பார். சிறுவன் வெற்றியைக் காண்பான். ஆசிரியர் கொள்கையைக் காண்பார். தாய் நேரத்தைக் காண்பார். ஒருவர் கண்டது மற்றவர் கண்டதைப் பொய்யாக்காது. ஆகவே கருத்துரைப்போர் தம் கூற்றை வரம்பிட்டுச் சொல்லுதல் நலம். "ஆட்டம் நீளம்" என்னாமல், "நால்வர் ஆடியபோது நீண்டது, இருவர் ஆடியபோது அளவாக இருந்தது" என்க. "ஒருவகையில்" என்னும் சியாத் பதத்தின் பயன் இதுவன்றோ!

விடை எளிதிற் கிட்டாத வினாக்களும் எழும். தாயத்தில் "வெட்டுதல்" என்றும், ஆடுபுலியில் புலி ஆட்டைக் கொல்வது என்றும் சொல்கிறோம். இச்சொற்கள் நம் வீட்டுக் குழந்தைக்கு ஏற்றவையா? மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டதற்கே பிறவிதோறும் துன்புற்ற வரலாற்றை யசோதர காவியம் கூறுவதால், பாவனையும் வினையே என்பர் சிலர். கொல்லும் எண்ணமின்றிக் கல்லை நகர்த்தும் குழந்தையின் உள்ளம் வேறு. வேண்டிப் பலியிட்டவன் உள்ளம் வேறு என்பர் வேறு சிலர். ஆடிப் பார்ப்பவர் இதில் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. "இச்சொல்லைக் கேட்டபோது இரு பெற்றோர் முகம் சுளித்தனர்" என்று தெரிவிப்பதே அவர் கடமை. "திருப்பி அனுப்புதல்" என்று பெயரை மாற்றுவதா, ஆட்டத்தையே மாற்றுவதா என்பதை ஆக்கியோன் எண்ணித் துணியட்டும். பகடையைக் கண்டால் ஏழு வியசனங்களுள் முதலாகிய சூதினை நினைத்து வருந்தும் பெரியோரும் உளர். பந்தயமின்றி ஆடுவது சூதாகாது எனினும், அவர்தம் மனக்குறையையும் குறிப்பில் எழுதுக. எண் அட்டைகளைப் பயன்படுத்த அது வழிகாட்டலாம்.

7. கேட்பவர் கடமை

சீவக சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் மதுரையைச் சார்ந்தவர். நம் சமயத்தவர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை என்றும், அதன்பின் அவர் நம் சமய நூல்களைக் கற்று உரையைத் திருத்தி எழுதினார் என்றும் மரபுச் செய்தி வழங்குகிறது. பிற்காலத்தில் அக்காப்பியத்தை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், குடந்தையில் வாழ்ந்த சமண அன்பர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்த வரலாற்றைத் தம் சரிதத்தில் விரிவாகவே எழுதியுள்ளார். இருவரும் பெரும்புலவர், இருவரும் கேட்டனர். கேட்கப்பட்டவர்களும் முகமன் மொழியாமல், அறிந்ததை அறிந்தவாறு உரைத்தனர். நயம்பட மறுத்துரைக்கும் மரபு நம் முன்னோரிடம் இருந்தது என்பதற்கு இவை சான்று.

மதுரைக்கு மேற்கேயுள்ள சமணர் மலைக் கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர்களைக் குறிக்கின்றன. ஆசிரியர் பெயரோடு மாணாக்கர் பெயரும் கல்லில் நிற்கும் மண் இது. அம்மரபில் வந்தோர், குறை சொல்லும் மாணாக்கனையும் ஆசிரியனாகக் கொள்ளலாம்.

ஆட்டம் செய்த இளைஞர்க்குச் சொல்ல வேண்டியவை சிலவே. கேட்கும்போது மறுமொழி கூறாதீர், எழுதிக்கொள்ளுங்கள். புரியாததை மட்டும் வினவுங்கள். ஒரே குறையை மூவர் சொன்னால் அதனைத் தவறாது ஆராயுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை உடனே தள்ளிவிடாதீர். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றாதீர். ஒன்றை மாற்றி மீண்டும் ஆடிப் பாருங்கள். அப்போதுதான் எந்த மாற்றம் பயன் தந்தது என்பது விளங்கும். எந்தத் தீர்வை ஏற்பது என்பது முடிவில் உங்கள் உரிமை. தேரைச் செய்தவரே ஆணியின் இடம் அறிவார்.

பயிற்சி

1. வீட்டில் ஆடுபுலிக் கட்டம் வரைந்து 12 ஆடுகளோடு மும்முறையும், 15 ஆடுகளோடு மும்முறையும், 18 ஆடுகளோடு மும்முறையும் ஆடுக. யார் வென்றனர், ஆட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதி ஒப்பிடுக.

2. பரமபதப் பலகை ஒன்றைக் குழந்தைகளோடு ஆடி முடித்தபின், எந்தெந்தக் கட்டத்தின் சொல் நினைவில் நின்றது என்று கேட்டுக் குறிப்பெடுக்க.

3. "ஆட்டம் நன்றாக இல்லை" என்னும் கூற்றை, கண்டது, காரணம் என இரு பகுதிகளாகப் பிரித்து எழுதிப் பழகுக.

4. பதினான்கு குணஸ்தானங்களுள் எவற்றிலிருந்து வீழ்ச்சி உண்டு, எவற்றிலிருந்து இல்லை என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்து, ஒரு பலகைக்குரிய ஏணிகளையும் பாம்புகளையும் குறிக்க.

வரும் தசலட்சண பருவத்திற்கு முன் உங்கள் பாடசாலையில் ஒரு மாலைப்பொழுதை இத்தகைய வெள்ளோட்டத்திற்கு ஒதுக்குவீர்களாக. உண்மையைச் சொல்லவும் உவந்து கேட்கவும் பழகிய குழந்தை, ஆட்டத்தைக் காட்டிலும் பெரிய பாடமொன்றைக் கற்றுவிடும்.

அறம் வளர்க!